காண்டம் ஸ்டாக் பாத்த அனுபவம்: டெல்டா பக்கம் டி.ஐ. புராஜெக்ட்டுக்கு புதுசா வர்றவங்களுக்கு

டி.ஐ.ன்னா டார்கெட்டட் இன்டர்வென்ஷன், பாலியல் தொழில் செய்றவங்க, திருநங்கைங்க மாதிரி எச்.ஐ.வி. ஆபத்து அதிகமா இருக்கவங்க மத்தியில நடக்குற எய்ட்ஸ் தடுப்பு புராஜெக்ட்டு. அதுல வேல பாத்தேன்னு சொன்னா, ஊர் ஊரா போயி நாடகம் போட்டீங்களா, கவுன்சிலிங் குடுத்தீங்களான்னுதான் கேப்பாங்க. நான் பாத்தது ஸ்டோர். காண்டம் எத்தன வந்துச்சு, எத்தன போச்சு, யாருக்கு போச்சு, மிச்சம் எவ்வளவு, எந்த பெட்டி எப்ப காலாவதி, இதான் என் பொழப்பு. தஞ்சாவூர்ல ஆரம்பிச்சு கும்பகோணம், நாகப்பட்டினம்னு ரொம்ப வருஷம் ஓடிருச்சு. பொண்ணு பாக்கப் போன எடத்துல மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்னு கேட்டப்ப எங்க மாமா "மெடிக்கல் லைன்ல இருக்காப்ல"ன்னு சொல்லி சமாளிச்சாரு, பொய் ஒண்ணும் இல்லயே.

இப்ப வேலைக்கு வர்ற பசங்க அப்பப்ப போன் பண்ணி கேக்குறாங்க, அண்ணே இண்டெண்ட் (சரக்கு கேட்டு அனுப்புற சீட்டு) எப்படி போடறது, குடோன்ல என்ன பாக்கணும், டோனர் (புராஜெக்ட்டுக்கு காசு குடுக்குறவங்க) விசிட் வர்றாங்க என்ன எடுத்து வைக்கணும்னு. எல்லாருக்கும் திரும்பத் திரும்ப சொல்றத ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னுதான் இது. நான் சொல்றது பெரும்பாலும் ஒரே விஷயத்துலதான் வந்து நிக்கும்: மேல இருந்து வர்ற டார்கெட்ட வச்சு கணக்கு போடாதீங்க, கீழ ஃபீல்டுல இருக்க மனுஷங்கள வச்சு போடுங்க.

கொஞ்சம் பின்னணி. இந்தியாவுல எச்.ஐ.வி. இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சதே நம்ம சென்னைலதான், 1986ல, டாக்டர் சுனிதி சாலமனும் அவங்ககிட்ட படிச்ச டாக்டர் நிர்மலாவும். 1992ல உலக வங்கி கடனோட தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு திட்டம் வந்துச்சு, 1994ல தமிழ்நாட்டுக்குன்னு தனியா டான்சாக்ஸ்ங்கற மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சொசைட்டி, 1995ல இருந்து அமெரிக்காவோட யு.எஸ்.எய்ட் காசுல அடையாறு வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி வழியா ஏபாக்ங்கற புராஜெக்ட்டு, 2003ல கேட்ஸ் பவுண்டேஷனோட அவாஹன் புராஜெக்ட்டு. ஆக நம்ம மாநிலத்துல டோனர் காசுங்கறது ரொம்ப வருஷத்து கத. நான் எந்த டோனர்கிட்ட, எந்த தொண்டு நிறுவனத்துல இருந்தேன்னு சொல்லப் போறதில்ல, அது இங்க தேவையும் இல்ல.

நிறைய பேரு டோனர் காசுன்னா வெளிநாட்டுல இருந்து கப்பல்ல காண்டம் வந்து எறங்கும்னு நெனக்கிறாங்க. ஆப்பிரிக்கா நாடுகள் பலதுல அப்படித்தான் இருந்துச்சு, ஐ.நா.வோட யு.என்.எஃப்.பி.ஏ.வும் அமெரிக்காவோட யு.எஸ்.எய்டும் மொத்தமா வாங்கி அனுப்புனாங்க. நம்ம நாட்டுல 1968லயே நிரோத்ங்கற சர்க்கார் காண்டம் வந்துருச்சு, 1969ல திருவனந்தபுரம் பேரூர்க்கடைல இந்துஸ்தான் லேடெக்ஸ் ஃபேக்டரி ஓட ஆரம்பிச்சிருச்சு, அது எல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக. அதனால எச்.ஐ.வி. புராஜெக்ட்டுக்கும் இலவச காண்டம் பெரும்பாலும் சர்க்கார் சப்ளைதான். டோனர் காசு போறது வேற எடத்துக்கு: பியர் எஜுகேட்டருங்க (அந்த ஜனங்கள்ல இருந்தே வந்து ஃபீல்டுல வேல பாக்குறவங்க, சுருக்கமா பியர்) சம்பளம், கிளினிக், கடைகள்ல கம்மி வெலைக்கு விக்கிற சோசியல் மார்க்கெட்டிங், லூப்ரிகண்ட், டெமோ காட்டுற மர மாடலு, அப்பறம் சர்க்கார் சப்ளை நின்னு போற நேரத்துல நடுவுல இருக்க ஓட்டைய அடைக்க நேரடியா வாங்குறது. இந்த கடைசி வேலதான் என் தலைல விழும்.

மொதல்ல டார்கெட் கதைய சொல்றேன். டோனருக்கு போற ரிப்போர்ட்டுல ஒரு கட்டம் இருக்கும், எத்தன ஆணுறை விநியோகம் பண்ணுனீங்கன்னு. போன காலாண்ட விட இந்த காலாண்டு நம்பர் ஏறியிருந்தா எல்லாருக்கும் சந்தோஷம். கொறஞ்சா உடனே மெயில் வரும். அதனால என்ன ஆகும், மேனேஜரு ஃபீல்டு ஸ்டாஃப்ப நெருக்குவாரு, ஃபீல்டு ஸ்டாஃப் பியர நெருக்குவாங்க, பியர் அக்கா என்ன பண்ணும், எண்ணாம அள்ளிக் குடுத்துட்டு எழுதிரும், இல்ல குடுக்காமயே எழுதிரும். கும்பகோணத்துல நான் ஸ்டோருக்கு மாறி வந்த புதுசுல இருப்பு சரிபாக்கப் போனப்ப ஒரு அக்கா வீட்டு பரண் மேல சாக்குல கட்டி வச்சிருந்துச்சு, அதுல பாதி காலாவதி ஆயிடுச்சு, ரிஜிஸ்டர்ல பாத்தா அத்தனையும் ஜனங்க கைக்கு போயாச்சு. கூட வந்த மேனேஜரு கத்த ஆரம்பிச்சாரு. அந்த அக்கா அசரவே இல்ல, "எழுதச் சொன்னீங்க எழுதுனேன் சார், வாங்கிக்கறதுக்கு ஆளு வேணாமா?"ன்னு கேட்டுச்சு. அதுக்கு அவருகிட்ட பதில் இல்ல. எனக்கு என்னமோ அந்த அக்கா பக்கம்தான் நியாயம்னு பட்டுச்சு, இப்பவும் அப்படித்தான்.

குடுத்த நம்பர் வேற, ஜனங்க நெஜமா உபயோகிச்ச நம்பர் வேற. உபயோகிச்சாங்களான்னு நேரா பாக்க முடியாது, ஆனா சுத்தி வளச்சு தெரிஞ்சிக்கலாம். சுகவாழ்வு மையத்துல பால்வினை நோய்க்கு வர்றவங்க எண்ணிக்கைய பாருங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எடுக்குற சிபிலிஸ் டெஸ்ட் ரிசல்ட்ட பாருங்க, எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்குற நம்பிக்கை மையத்துல புது பாசிட்டிவ் வருதான்னு பாருங்க. காண்டம் நம்பர் மேல ஏறிக்கிட்டே இருக்கு, கிளினிக்ல புண்ணு, வெள்ளப்படுதல் கேஸ் கொறயவே இல்லன்னா நம்ம ரிஜிஸ்டர்லதான் கோளாறு. ஸ்டோர் ஆளுக்கும் கிளினிக் நர்ஸுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத புராஜெக்ட்டுகள நான் பாத்திருக்கேன். மாசம் ஒரு தடவ ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிச்சா போதும், பாதி விஷயம் வெளிய வந்துரும்.

சரி, கீழ இருந்து கணக்கு போடறது எப்படி. ஒரு பியர் பொறுப்புல பாலியல் தொழில் செய்றவங்க சுமாரா 60 பேரு. அந்த 60 பேருக்கும் தனித்தனியா ஒரு வாரத்துக்கு எத்தன பார்ட்டி, அதாவது கஸ்டமருன்னு பியருக்கு தெரியும், தெரியலன்னா அவங்க பியரே இல்ல. உதாரணத்துக்கு ஆளுக்கு வாரம் 6ன்னு வைங்க, மாசம் 24, 60 பேருக்கு 1,440, அதாவது சரியா 10 குரோஸ். ஒரு குரோஸ் 144. இதுல லாட்ஜ்ல குடுக்குறது, பார்ட்டியே வாங்கிட்டு வர்றது, மெடிக்கல்ல காசு குடுத்து வாங்குறது எல்லாத்தயும் கழிங்க. டெமோவுக்கும் கிழிஞ்சு போறதுக்கும் கொஞ்சம் கூட்டுங்க. வர்ற நம்பர்தான் தேவ. ஆனா சராசரிய நம்பிடாதீங்க, அதான் ஆபத்து. 60 பேருல ஒரு அஞ்சாறு பேருக்கு மாசம் 80, 100 தேவப்படும், இன்னும் பல பேருக்கு பத்து போதும். எல்லாருக்கும் சமமா 24ன்னு பிரிச்சு குடுத்தா கணக்கு அழகா இருக்கும், ஆனா அதிகமா தேவப்படுற அந்த அஞ்சாறு பேரும் மாசத்துல பத்தாம் தேதிக்கு மேல வெறுங்கையோட நிப்பாங்க. நோய் பரவுறதும் அங்கதான். எழுதப் படிக்கத் தெரியாத பியருங்களுக்கு படம் போட்ட டைரி குடுத்தோம், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அடையாளம், வட்டம், சிலுவன்னு போட்டு வப்பாங்க. எங்க கம்ப்யூட்டர் ஷீட்ட விட அதான் நம்பகமா இருந்துச்சு.

இன்னொண்ணு, கணக்குல வராத ஆளு ஒருத்தர் இருக்காரு. வீட்டுக்காரரு, இல்ல ரொம்ப நாளா பழகுற ஆளு. பார்ட்டிக்கு காண்டம் இல்லாம சம்மதிக்காத அக்காவே அவருகிட்ட கேக்காது, கேட்டா சந்தேகப்படுறியான்னு சண்டை வரும். இதுக்கு ஸ்டோர் ஆளு ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா இண்டெண்ட் போடறப்ப இது இருக்குன்னு மனசுல வச்சிக்கங்க, கவுன்சிலர் அந்த பக்கம் வேல பாக்குற மாசத்துல தேவ திடீர்னு கூடும்.

டெல்டாவுல சீசன் விஷயம்தான் ரொம்ப முக்கியம், இத எந்த கைடுலயும் எழுதல. மாநிலத்துல இருந்து வர்ற ஒதுக்கீடு வருஷ தேவைய 12ஆல வகுத்து மாசாமாசம் ஒரே அளவு வரும். ஆனா நம்ம ஊரு மாசாமாசம் ஒரே மாதிரியா இருக்கு? தை, மாசில சம்பா அறுவடை. ஆத்தூர், சேலம் பக்கத்துல இருந்து கதிர் அறுக்குற மெஷினுங்க வந்து எறங்கும், கூட டிரைவரு, ஹெல்ப்பரு. கொள்முதல் நிலையத்துல மூட்ட தேங்கி நிக்கும், லாரிங்க லோடு ஏத்த, எறக்க நாள் கணக்குல வரிசைல நிக்கும். லோடுமேனுங்க கைல கூலி பொழங்கும். இவங்க எல்லாரும் அப்படின்னு நான் சொல்லல, குடும்பத்த விட்டு வந்து ரோட்டோரத்துல படுத்துக் கெடக்குற மனுஷங்க அவங்க, ஆனா அந்த ரெண்டு மூணு மாசத்துல நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் பியருங்க கேக்குற அளவு சாதாரண மாசத்துக்கு ரெண்டு மடங்கு ஆயிரும். குறுவை அறுவடைக்கும் ஏறும், அந்த அளவுக்கு இல்ல. மேட்டூர் ஜூன் 12 தொறக்காத வருஷம் குறுவையும் சுருங்கும், நம்ம கணக்கும் சுருங்கும். ஆமா, காண்டம் இண்டெண்ட் போட மேட்டூர் நீர்மட்டம் பாக்கணும்னு சொன்னா ஹெட் ஆபீஸ்ல சிரிச்சாங்க.

நாகப்பட்டினம் பக்கம் வேற மாதிரி. அங்க மீன்பிடி தடைக்காலம், இப்ப ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, விசைப்படகு கடலுக்கு போகாது. காசு இருக்காது, அதனால தேவ கொறயும்னு நெனப்போம். பாதி உண்மை. துறைமுகத்துல கொறயும், ஆனா அந்த நேரத்துல பல பேரு வேற ஊருக்கு வேலைக்கு கெளம்பிருவாங்க, கெளம்புறவங்க கைல குடுத்து அனுப்பலன்னா அவங்க போற எடத்துல யாருகிட்ட கேப்பாங்க? அதனால தடைக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாரத்துல ஸ்டாக் அங்க இருக்கணும், ஜூன்ல படகு எறங்கி பங்கு காசு கைக்கு வர்ற நேரத்துல திரும்பவும் இருக்கணும். காரைக்கால் எல்லை ஒட்டுன எடங்கள்ல சாராயக் கடைக்கு வர்ற கூட்டம் தனி கணக்கு, சனி ஞாயிறு. கும்பகோணத்துல முகூர்த்த நாளு காலண்டர வச்சு லாட்ஜ் கூட்டத்த சொல்லிடலாம், ரூம் பாய்கிட்ட ஒரு டப்பா குடுத்து வச்சா போதும்.

இதுல டோனர் வருஷம்னு ஒரு தொல்ல. சில டோனருக்கு டிசம்பரோட வருஷம் முடியும், நமக்கு மார்ச். வருஷக் கடைசில காசு மிச்சம் இருக்கு, திருப்பி அனுப்புனா அடுத்த வருஷம் கொறச்சிடுவாங்க, அதனால மொத்தமா வாங்கிப் போடுன்னு ஆர்டர் வரும். டிசம்பர் கடைசில ஆர்டர் போட்டா அது கைக்கு வர்றது ஏப்ரல்ல, அறுவடை முடிஞ்சு மெஷினெல்லாம் ஊருக்கு போயிருக்கும். தேவப்படுற தை மாசத்துல குடோன் காலி, தேவயில்லாத சித்திரைல கூரை வரைக்கும் பெட்டி. கொட்டேஷன், ஒப்புதல், சப்ளையர் உற்பத்தி, டெஸ்ட் ரிப்போர்ட், போக்குவரத்துன்னு எல்லாம் சேத்து நாலஞ்சு மாசம் சாதாரணமா ஆகும். ஆக தை மாசத்துக்கு வேணும்னா ஆடி ஆவணிலயே ஃபைல நகத்துங்க. கைல எப்பவும் மூணு மாச இருப்பு, அதுக்கு கீழ எறங்குச்சுன்னா கடிதாசி போட்டுருங்க, போன்ல சொன்னது எதுவும் கணக்குல வராது.

வாங்குறப்ப பாக்க வேண்டியது. அகலம் 53 மில்லிமீட்டர், சிலிகான் ஆயில் போட்டது, ஐ.எஸ்.ஓ. 4074 தரத்துல லாட்டு வாரியா டெஸ்ட் ரிப்போர்ட். அந்த டெஸ்ட்டுல காத்து அடிச்சு வெடிக்க வப்பாங்க, இந்த அகலத்துக்கு வெடிக்கிறதுக்கு முன்னாடி குறைஞ்சது 18 லிட்டர் காத்து தாங்கணும், அப்பறம் 300 மில்லி தண்ணி ஊத்தி ஓட்டை இருக்கான்னு பாப்பாங்க. 18 லிட்டருன்னா கிட்டத்தட்ட ஒரு பெரிய தண்ணி குடம் அளவு, இத சொன்னா "சர்க்கார் காண்டம் கிழியும்"னு சொல்றவங்க வாய மூடிருவாங்க. சாதாரணமா 5 வருஷம் ஆயுசு போட்டிருக்கும். இங்கதான் சப்ளையருங்க வெளையாடுவாங்க. குறைஞ்ச வெலைக்கு குடுக்குறேன்னு ஒருத்தர் எங்களுக்கு ஒரு தடவ அனுப்புனதுல ஒரு வருஷத்துக்கும் கொஞ்சம் மேலதான் ஆயுசு மிச்சம், ஏன்யான்னு கேட்டா காலாவதி ஆகலயே சார்ங்கறாரு. அதனால பர்ச்சேஸ் ஆர்டர்லயே டெலிவரி அன்னைக்கு இத்தன வருஷம் மிச்சம் இருக்கணும்னு எழுதிடுங்க. ஒரே பேட்ச்சா இருக்கா, நாலு பேட்ச் கலந்து அனுப்புறாங்களான்னு எறக்குறப்பவே பெட்டி பெட்டியா பாருங்க, கையெழுத்து போட்ட பிறகு பாத்து பிரயோஜனம் இல்ல.

குடோனுக்கு ஏ.சி. வேணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அவசியமில்ல. நேர் வெயில் படக்கூடாது, நல்லா காத்தோட்டம் வேணும், பெட்டி தரையில இருந்து 10 சென்டிமீட்டராவது தூக்கி பலகை மேல, செவத்துல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ரொம்ப ஒசரமா அடுக்காம. மோட்டார், ஜெனரேட்டர் பக்கத்துல வைக்கக் கூடாது, அதுல வர்ற ஓசோன் ரப்பர கெடுக்கும். இதுல நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம். ஒண்ணு, இங்க வாடகைக்கு கெடைக்கிற குடோன் எல்லாமே முன்னாடி யூரியாவும் பூச்சி மருந்தும் வச்சிருந்த குடோன்தான், இல்ல பக்கத்து ரூம்ல இப்பவும் வச்சிருப்பாங்க. வாசன வந்துச்சுன்னா அந்த எடம் வேணாம், வாடகை கம்மியா இருந்தாலும். ரெண்டு, ஐப்பசி கார்த்திகை மழ. 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் அடிச்சப்ப ஓடு பறந்த குடோன் எத்தனையோ. ஒரு எடத்துல மேல் அடுக்கு பெட்டிங்க ஊறிப் போச்சு. அட்டப்பெட்டி ஊறுனா உள்ள இருக்கறதும் போச்சுன்னு இல்ல, பாக்கெட் ஃபாயில்லதான் இருக்கு. நாங்க பெட்டிய பிரிச்சு ஒவ்வொரு ஸ்டிரிப்பா எடுத்து ரெண்டு வெரலால அமுக்கிப் பாத்தோம். நல்ல பாக்கெட்டா இருந்தா உள்ள காத்து தெரியும், அமுக்குனா வளையம் வழுக்கிக்கிட்டு நகரும். காத்து இல்லாம தட்டையா ஒட்டிக் கெடந்தா, பிசுபிசுன்னு வெளிய எண்ண கசிஞ்சா தூக்கிப் போட்டுரணும். சந்தேகமா இருக்க பேட்ச்சு மொத்தத்தயும் தனியா ஒதுக்கி "வெளியிடாதே"ன்னு எழுதி ஒட்டி மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகுக்கு தெரியப்படுத்தணும். கழிச்சத கமிட்டி முன்னாடி எழுதி கையெழுத்து வாங்கி அழிக்கணும். ஒரு புராஜெக்ட்டுல வாய்க்கா ஓரமா கொட்டிட்டாங்க, மறுநா காலைல பள்ளிக்கூடத்து பசங்க எல்லாம் பலூன் ஊதிக்கிட்டு போறாங்க, ஊரே கூடிருச்சு.

வெளிய எடுக்கறப்ப முதல்ல வந்தது முதல்லன்னு பாக்காதீங்க, முதல்ல காலாவதி ஆகப் போறது முதல்ல. அப்பறமா வந்த லாட்டுக்கு முன்னாடி தேதி போட்டிருக்கறது அடிக்கடி நடக்கும்.

லூப்ரிகண்ட் விஷயம் தனியா சொல்லணும். திருநங்கைங்க, ஆண்களோட உறவு வச்சிக்கிற ஆண்கள், இவங்களுக்கு காண்டம் மட்டும் குடுத்து பிரயோஜனமில்ல, கூட தண்ணி சேத்து செஞ்ச லூப் வேணும். பட்ஜெட்ல காண்டத்துக்கு காசு இருக்கும், லூப்புக்கு இருக்காது, இருந்தாலும் ஒரு வருஷம் கழிச்சு வரும். அதுவரைக்கும் என்ன பண்ணுவாங்க, வீட்ல இருக்க தேங்கா எண்ணெய். கும்பகோணத்துல ஒரு திருநங்கை அம்மா வீட்ல, அவங்க ஜமாத்துல பெரியவங்க, பத்து பதினஞ்சு பொண்ணுங்க உக்காந்திருக்காங்க. காண்டம் கிழியுது, உங்க சரக்கு மட்டம்னு ஒரே புகார். எங்க பியரு ஒரு காண்டத்த எடுத்து ஊதி முடிச்சு போட்டா, சாமி படத்துக்கு பக்கத்துல இருந்த எண்ண பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு உள்ளங்கைல ஊத்தி அது மேல தேய்ச்சா. பேசிக்கிட்டே தேய்க்கிறா, எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்காங்க, கொஞ்ச நேரத்துல பட்டுன்னு வெடிச்சிருச்சு. இன்னொண்ண ஊதி தண்ணி லூப்ப தடவி குடுத்தா, அந்த அம்மாவே வாங்கி அழுத்தி அழுத்தி தேய்க்கிறாங்க, ஒண்ணும் ஆகல. "அடியே, இத்தன நாளா எவளும் சொல்லலயேடி"ன்னாங்க. அன்னையில இருந்து அந்த வீட்ல புகார் இல்ல, ஆனா லூப் எங்கன்னு கேட்டு என் உயிர எடுத்துட்டாங்க. அந்த கேள்விய அப்படியே எழுதி டோனருக்கு அனுப்பி, அடுத்த பட்ஜெட்ல தனி லைன் வாங்குனோம். வேசலின், விளக்கெண்ணெய், பாடி லோஷன் எல்லாமே இதே கததான். காண்டம் கிழியுதுன்னு புகார் வந்தா பேட்ச்ச சந்தேகப்படுறதுக்கு முன்னாடி கூட என்ன தடவுறாங்கன்னு கேளுங்க, எங்க வச்சிருக்காங்கன்னும் கேளுங்க. லாரி டேஷ்போர்டுல சித்திர வெயில்ல மாசக்கணக்கா கெடந்தது, பர்ஸுல உக்காந்து உக்காந்து நசுங்குனது, இதெல்லாம் கிழியாம என்ன பண்ணும்.

எங்க வச்சு குடுக்கறதுங்கறதுல போலீஸ் வந்து நிக்கும். நான் சொல்றது பழைய கத, ஆனா முழுசா பழசாகல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பியர் அக்காவ புடிச்சிட்டு போயி, கைப்பையில இருந்த காண்டத்த எல்லாம் மேசையில கொட்டி, இதான் சாட்சின்னு கேஸ் போடப் பாத்தாங்க. ஐ.டி. கார்டு காட்டி, வக்கீல் வந்து, ராத்திரி ஆயிருச்சு வெளிய வர. அடுத்த வாரம் என் ரிஜிஸ்டர்ல பாத்தா அந்த ஏரியாவுல விநியோகம் பாதியா எறங்கிருச்சு, ஒருத்தரும் ரெண்டுக்கு மேல வாங்க மாட்டேங்கறாங்க, பையில வச்சிருந்தா மாட்டிக்குவோம்னு பயம். இப்ப சட்டம் தெளிவா இருக்கு. 2017 எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், 2018 செப்டம்பர் 10ல அமலுக்கு வந்தது, அதுல 22ஆவது பிரிவு நோய் தடுப்புக்காக காண்டம் குடுக்கறதும் வச்சிருக்கறதும் குத்தமில்லன்னு உதாரணத்தோட சொல்லுது. 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் காண்டம் வச்சிருக்கறத குத்தத்துக்கு சாட்சியா எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. ரெண்டையும் தமிழ்ல ஒரே தாளுல அடிச்சு ஒவ்வொரு பியர் பையிலயும் வச்சிருங்க, புதுசா எஸ்.ஐ. மாறி வந்தா மொத வாரத்துலயே போயி பாத்துட்டு வந்துருங்க.

அந்த சம்பவத்துக்கு அப்பறம்தான் கையில சுமக்கறத கொறச்சு எடத்துல வைக்க ஆரம்பிச்சோம். பொட்டிக்கடை, சலூன், டீக்கடை, எல்லாத்தயும் விட நல்லா ஓடுனது பைபாஸ் ரோட்டு பங்க்சர் கடை. லாரிக்காரன் எப்படியும் அங்க அரமணி நேரம் நிப்பான், ராத்திரி பூரா தொறந்திருக்கும், பொம்பளைங்க கூட்டம் இல்லாததால கேக்க கூச்சம் இல்ல. அந்த கடை அண்ணன் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு: "தம்பி, போர்டு கீர்டு மாட்டாத, டப்பாவ டியூபுக்கு பின்னால வச்சிக்கிறேன், வேணுங்கறவன் கேப்பான்." டோனர் விசிட் வந்தவங்களுக்கு போர்டு இல்லாதது பெரிய கொறையா தெரிஞ்சுது, போட்டோல தெரியணுமாம். நாங்க போர்டு வைக்கல. ஆட்டோமேட்டிக் மெஷினுங்க வச்சாங்களே, காசு போட்டா காண்டம் வரும்னு, அதோட நெலம உங்களுக்கே தெரியும், பாதி மெஷின்ல காசு மட்டும் உள்ள போகும்.

ஓசில குடுத்தா மதிப்பு இருக்காது, காசுக்கு விக்கணும்னு ஒரு கட்சி எப்பவும் உண்டு. பாதிக்கு ஒத்துக்கறேன். லாரிக்காரங்க, லாட்ஜுக்கு வர்றவங்க, இவங்க அஞ்சோ பத்தோ குடுத்து வாங்குவாங்க, வாசன புடிச்சது, புள்ளி வச்சதுன்னு கேட்டு வாங்குவாங்க, அவங்களுக்கு விக்கறது சரி. ஆனா ஒரு நாளைக்கு எரநூறு முன்னூறு சம்பாதிக்கிற ஒரு அக்காகிட்ட ஒவ்வொரு தடவையும் காண்டத்துக்கு காசு வைன்னு சொன்னா, காசில்லாத அன்னைக்கு அது இல்லாமதான் போகும். ரெண்டு ரிஜிஸ்டரயும் தனித்தனியா வைங்க, ஓசி ஸ்டாக் கடைக்குள்ள போயி விக்கப்படாம பாத்துக்கங்க, அதுக்குத்தான் சர்க்கார் சப்ளை பாக்கெட்ல "விற்பனைக்கு அல்ல"ன்னு போட்டிருக்கும்.

டோனர் ஒரு நாள் போயிருவாங்க. எங்களோடதும் போச்சு, புராஜெக்ட்ட மாநில சொசைட்டி எடுத்துக்கிச்சு, சம்பளம் கொறஞ்சுது, வண்டி போச்சு, வேல அப்படியே இருந்துச்சு. 2025 ஜூலையோட யு.எஸ்.எய்டே மூடியாச்சு, நம்ம நாட்டுல இப்ப காண்டம் வாங்குறது பெரும்பாலும் நம்ம வரிப்பணத்துலங்கறதால ஆப்பிரிக்கா அளவுக்கு அடி இல்ல. ஆனா வரிப்பணமா இருந்தாலும் டெண்டரு தாமதமானா அதே கததான், 2014ல நாடு முழுக்க இலவச காண்டம் தட்டுப்பாடுன்னு பேப்பர்லயே வந்துச்சு.

ஸ்டாக் தீரப் போகுதுன்னா என்ன பண்ணணும், இத மட்டும் சொல்லி முடிச்சிக்கிறேன். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா பிச்சுக் குடுக்காதீங்க. மொதல்ல பார்ட்டி அதிகமா இருக்கவங்களுக்கும், ஏ.ஆர்.டி.ங்கற எச்.ஐ.வி. மருந்து எடுத்துக்கிட்டு இருக்க பாசிட்டிவ் ஆளுங்களுக்கும் முழுசா குடுங்க. காசு குடுத்து வாங்க முடிஞ்சவங்கள சோசியல் மார்க்கெட்டிங் கடைக்கு திருப்பி விடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல குடும்ப நலக் கணக்குல நிரோத் இருக்கும், நம்ம கணக்கும் அவங்க கணக்கும் வேற வேற, ஆனா துணை இயக்குநர் ஆபீஸ்ல லெட்டர் குடுத்தா பெரும்பாலும் குடுப்பாங்க. பக்கத்து மாவட்ட புராஜெக்ட்டுல கடன் கேளுங்க, அவங்க சீசனும் நம்ம சீசனும் ஒண்ணா இருக்காது. கடன் வாங்குறப்ப பேட்ச் நம்பர், காலாவதி தேதியோட எழுதி வாங்குங்க, திருப்பிக் குடுக்கறப்ப அதே அளவு ஆயுசு இருக்கறதா பாத்து குடுங்க. ஆறு மாசத்துல காலாவதி ஆகுறத தள்ளி விட்டீங்கன்னா அடுத்த தை மாசம் உங்க போன எடுக்க மாட்டாங்க.